கடிவாளம் கழற்றிய ரம்பம்

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நம் கரையில் ஏறியதை இதைப் படிப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அவரவர் தெருவில் அவரவர் மரம் விழுந்தது. எங்கள் தெருவில் விழுந்தது ஒரு தூங்குமூஞ்சி மரம். நான் பிறப்பதற்கு முன்பே அது அங்கே நின்றது. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. மரம் குறுக்கே கிடந்ததால் தண்ணீர் வண்டியும் உள்ளே வர முடியவில்லை.

நான்காம் நாள் ஒரு மினி லாரியில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் செயின் சா. முதல் நாளே பக்கத்துத் தெருவில் வேறு ஒரு கூட்டம் இதே மாதிரி மெஷினால் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். ஆனால் இந்த மெஷினின் சத்தம் வேறாக இருந்தது. அது உறுமியது என்றால் இது அலறியது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் அடிமரத்தில் கத்திபோல் இறங்கியது.

டீ குடிக்க உட்கார்ந்தபோது, "ஏம்பா, இதுக்கு மட்டும் ஏன் இந்தச் சத்தம்?" என்று கேட்டேன். அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை உரக்கக் கேட்டேன். கூட இருந்தவர் தோளைத் தொட்ட பிறகுதான் என் பக்கம் பார்த்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

"சைலன்சர்ல ரெண்டு ஓட்ட போட்டிருக்கேன் சார். உள்ள போர்ட்டையும் கொஞ்சம் அரத்தால ராவியிருக்கேன். கம்பெனி குடுத்த மாதிரியே வச்சிருந்தா இழுக்காது."

யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்றேன். ஆர்.எக்ஸ். 100 வண்டிகளை வேகமாக்கித் தரும் ஒரு மெக்கானிக்கிடம் சின்ன வயதில் எடுபிடியாக இருந்தாராம். வண்டிக்குச் செய்ததை ரம்பத்துக்குச் செய்தேன், அவ்வளவுதான் என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் அண்ணனும், மாமாவின் மொபிலெத்தும்.

எங்கள் மாமா சொல்தா. சைகோனில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவரிடம் ஒரு நீல நிற மொபிலெத் இருந்தது. பின்னாளில் இங்கே சுவேகா என்று ஓடியதே, அதன் பிரெஞ்சுத் தாய். 50 சி.சி.க்கு ஒரு நூல் குறைவான இன்ஜின். 1965-ல் எனக்குப் பதினான்கு வயது, அண்ணனுக்கு இருபது. பிரான்சிலிருந்து மாமாவுக்கு வந்த ஒரு பத்திரிகையில் அண்ணன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்: 'தெப்ரிதே'. குதிரைக்குக் கடிவாளத்தைக் கழற்றுவது என்று பொருள். அங்கே பையன்கள் மொபிலெத்தின் வேகத்தடையை நீக்குவதற்கும் இதே சொல்தான். பள்ளியில் லத்தீன் வேர்ச்சொல் படித்தபோதுகூட எனக்கு ஒரு சொல் இவ்வளவு பிடித்ததில்லை.

மாமா காரைக்காலுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் அண்ணன் சைலன்சரின் உள்தகடுகளை அறுத்தெடுத்தார். சிலிண்டரைக் கழற்றி, எலிவால் அரத்தால் புகை வெளியேறும் துளையை மேல்பக்கமாக ராவிப் பெரிதாக்கினார். நான் டார்ச் பிடித்தேன். வண்டி கடலூர் சாலையில் பறந்தது. மூன்றாம் வாரம் அரியாங்குப்பம் பாலத்தருகே நின்றது நின்றதுதான். திறந்து பார்த்தால் பிஸ்டனின் தலையில் பத்துக் காசு அளவுக்கு ஓட்டை. பிரான்சிலிருந்து வேறு பிஸ்டன் வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை மாமா அண்ணனோடு பேசவில்லை. டார்ச் பிடித்த என்னோடும் பேசவில்லை.

வண்டி ஏன் முதலில் பறந்தது, ஏன் பிறகு பிஸ்டன் ஓட்டையானது என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. லாம்பிரெட்டாவோ ஜாவாவோ வைத்திருந்தவர்களுக்கு டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் தெரிந்த விஷயம். பங்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலந்து போட்டுக்கொண்டு வந்தோமே, அதுதான். அதில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே துளைகள் இருக்கும். மேலும் கீழும் போகும் பிஸ்டன்தான் அவற்றுக்குக் கதவு. அது இறங்கும்போது முதலில் புகைத் துளை திறக்கும். கொஞ்சம் கழித்துப் புதிய பெட்ரோல் கலவை வரும் துளையும் திறக்கும். கொஞ்ச நேரம் இரண்டும் திறந்தே இருக்கும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தி எழுந்து பின்வாசல் வழியாகக் கைகழுவப் போகும்போதே முன்வாசலில் அடுத்த பந்தி நுழைகிறது. தள்ளுமுள்ளுவில் சாப்பிடாதவர்களும் சிலர் பின்வாசல் வழியே வெளியே போய்விடுவார்கள். இந்த இன்ஜினின் பிறவிக் குறை அதுதான். எரியாத பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கு வரைகூடப் புகையோடு வீணாகப் போகும். பின்வாசலை முன்கூட்டியே, அகலமாகத் திறந்தால் எழுந்தவர்கள் சீக்கிரம் போவார்கள், பந்திகள் வேகமாக நடக்கும். அண்ணன் அரத்தால் செய்தது அதைத்தான்.

இந்த இன்ஜினின் முதல் வடிவத்துக்கு 1881-ல் காப்புரிமை வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர் பெயர் டூகல்ட் கிளார்க். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் நம் உத்தியோகத்தின் பெயரேதான். எங்கள் ஆபீசில் யாருக்காவது இது தெரிந்திருந்தால் படம் மாட்டியிருப்போம். பத்தாண்டுகள் கழித்து பாத் நகரத்து ஜோசப் டே அதை எளிமையாக்கினார். அவரிடம் வேலை பார்த்த பிரெடெரிக் காக், பிஸ்டனையே எல்லாத் துளைகளுக்கும் கதவாக்கினார். அதற்குமேல் அதில் குறைக்க எதுவுமில்லை. அதனால்தான் எலிவால் அரமும் பொறுமையும் உள்ள எவனும் அதில் கைவைக்க முடிந்தது.

ரம்பத்துக்கு இது வந்த கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. நம் ஊரில் ஸ்டில் என்கிறார்களே, அந்த ஆந்த்ரெயாஸ் ஷ்டீல் 1926-ல் ஷ்டுட்கார்ட்டில் செய்த முதல் சங்கிலி ரம்பம் மின்சாரத்தில் ஓடியது. 64 கிலோ. காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது? 1929-ல் பெட்ரோல் ரம்பம் செய்தார். அது 46 கிலோ, பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். அப்போதைய கார்புரேட்டர் நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும். மரத்தை நிற்கவைத்து அறுப்பது ஒரு கோணம், விழுந்ததைத் துண்டு போடுவது வேறு கோணம். எப்படிச் சாய்த்தாலும் பெட்ரோல் ஊட்டும் டயாஃப்ரம் கார்புரேட்டர் 1940-களின் கடைசியில் வந்த பிறகுதான் ரம்பம் ஒற்றை ஆள் கைக்கு வந்தது. பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்திருப்பதால் தலைகீழாகப் பிடித்தாலும் டூ-ஸ்ட்ரோக்குக்குக் கவலையில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ராபர்ட் மக்கல்லக் 1949-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரம்பம் 25 பவுண்டுதான், பதினொன்றரை கிலோவுக்கும் குறைவு.

இந்த மக்கல்லக் தனிப் பிறவி. பின்னால் 1968-ல் லண்டன் பாலம் ஏலத்துக்கு வந்தபோது அதை 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். கல் கல்லாகப் பிரித்து அரிசோனா பாலைவனத்தில் தான் உண்டாக்கிய ஊரில் கொண்டுபோய்க் கட்டினார். 1971-ல் திறப்பு விழா. ரம்பம் விற்ற காசில் தேம்ஸ் நதிப் பாலத்தையே வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அவரை இங்கே இழுத்ததற்குக் காரணம் பாலமல்ல, அவருடைய ரம்ப இன்ஜினை மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான்.

1956-ல் தெற்குக் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் வேலை நேரம் போக மீதி நேரத்தில், லூ பொரெல்லி என்ற நண்பரின் துணையோடு ஒரு விளையாட்டு வண்டி செய்தார். இங்கல்ஸ் பந்தயக் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். நாலு குழாயைப் பற்றவைத்த சட்டம், கைவண்டிச் சக்கரம் மாதிரி நான்கு சக்கரம், முதுகுக்குப் பின்னால் புல்வெட்டும் மெஷினுக்கான ஒரு சின்ன டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பசடீனாவில் ரோஸ் போல் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டிக் காட்டினார். அடுத்த வருடமே ஊரெல்லாம் ஆளுக்கொரு வண்டி. கோ-கார்ட் என்று பெயர் வந்தது. புல்வெட்டும் இன்ஜினின் சக்தி போதாமல் போனதும் எல்லோர் கண்ணும் ரம்பத்தின் மேல் விழுந்தது. லேசானது, மிக வேகமாகச் சுழல்வது. மோட்டார் கொட்டகைகளில் சனிக்கிழமைதோறும் ரம்பத்தைப் பிரித்தார்கள். துளைகளை ராவினார்கள். ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு வைத்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால் ஊற்றினார்கள்.

மக்கல்லக் கம்பெனி என்ன செய்திருக்கலாம்? எங்கள் பொருளில் கைவைத்தால் உத்தரவாதம் கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் டைப் அடித்து கையெழுத்துக்கு வைத்திருப்பேன். அவர்கள் 1959-ல் ரம்ப இன்ஜினையே மாற்றியமைத்து, கார்ட் வண்டிக்கென்று எம்.சி.-10 என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். வீட்டுக் கொட்டகையில் பையன்கள் கண்டுபிடித்ததைத் தொழிற்சாலை பின்னாலேயே வந்து எடுத்துக்கொண்டது.

ஆனால் பந்தியின் பின்வாசல் வழியே போனவர்களைத் திரும்ப உள்ளே அழைத்துவரும் வித்தை கலிபோர்னியாவில் பிறக்கவில்லை. அது கிழக்கு ஜெர்மனியில், ஷொப்பாவ் என்ற சிற்றூரில் பிறந்தது. செய்தவர் வால்டர் காடன். உலகப் போரில் ஜெர்மன் ஏவுகணை வேலையில் இருந்தவர். போர் முடிந்ததும் ஊருக்கு வந்து, குண்டு விழுந்த வீடுகளுக்கு மரக்கூரைச் சட்டம் செய்யும் தொழில் தொடங்கினார். ஓய்வு நேரத்தில் தன் பட்டறையில் ஒரு 125 சி.சி. மோட்டார் சைக்கிளை வேகமாக்கிக்கொண்டிருந்தார். அந்த ஊர்த் தொழிற்சாலை போருக்கு முன் செய்த டி.கே.டபிள்யூ. வண்டி அது. அசலாக ஐந்து குதிரைச் சக்திகூடக் கிடையாது. இதைக் கேள்விப்பட்ட தொழிற்சாலை அவரையே கூப்பிட்டுப் பந்தயப் பிரிவைக் கொடுத்தது. பிற்பாடு எம்.இசட். என்று பெயர் பெற்ற தொழிற்சாலை.

காடன் புகைக் குழாயைக் கவனித்தார். புகைத் துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. குழாய் விரிந்துகொண்டே போகும் இடத்தில் அதன் ஒரு பகுதி உறிஞ்சலாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமுள்ள புகையை வெளியே இழுக்கிறது. கூடவே புதிய கலவையில் கொஞ்சமும் வெளியேறிவிடுகிறது. அடுத்து குழாய் குறுகும் இடத்தில் அலை முட்டி, அழுத்தமாகத் திரும்பி வருகிறது. பின்வாசல் மூடுவதற்கு ஒரு நொடியின் சிறு துளி முன்பாக, வெளியே போன கலவையை மறுபடி உள்ளே தள்ளிவிடுகிறது. நடுவில் வயிறு பெருத்து இரு முனையும் சிறுத்த அந்தக் குழாய்க்கு பிரெஞ்சில் 'போ த தெத்தாந்த்' என்று பெயர். அளவு சரியாக இருந்தால், உள்ளே ஒரு ஆணிகூட நகராமல் வெறும் தகரக் குழாய் இன்ஜினுக்கு வேலை செய்கிறது. காடன் அலைகளை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் குழாயின் அளவை மாற்றினார். 1961-ல் அவருடைய 125 சி.சி. இன்ஜின் 25 குதிரைச் சக்தி தந்தது. லிட்டருக்கு 200. காற்றைப் பம்பால் உள்ளே திணிக்காத எந்த இன்ஜினும் அதுவரை தொடாத எண் அது.

அந்த வருடம் ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் சுவீடனில் நடந்த பந்தயத்தில் காடனின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்தின் விளிம்பில் இருந்தார். ஓட்டத்தின் நடுவே இன்ஜின் கெட்டது. அவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு காரின் டிக்கியில் மறைத்து எல்லை தாண்டி அழைத்துவர முன்பே ஏற்பாடு ஆகியிருந்தது. காடனின் ரகசியங்களோடு அவர் ஜப்பானில் சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குப் போனது, ஓட்டியவர் டெக்னர். சுசுகா பந்தயத் தடத்தில் அவர் பெயரில் இன்றும் ஒரு வளைவு இருக்கிறது. காடன் அதே ஊரில் இருந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். எம்.இசட். ஒருமுறைகூட உலகப் பட்டம் வெல்லவில்லை. ஒரு ஆயுள் முழுதும் கோப்பு தயாரித்தவனும் அதில் கையெழுத்துப் போட்டுப் பெயர் வாங்கியவனும் வேறு வேறு ஆட்களாக இருப்பதைப் பார்த்தவன் நான். காடன் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கோபம் வரும்.

யமஹாவின் முதல் வண்டி, 1955-ல் வந்தது, அதே டி.கே.டபிள்யூ.வைப் பார்த்துச் செய்ததுதான். நம் ஊர் ஆர்.எக்ஸ். 100 அந்த வம்சம். அதற்குக் குழாய் மாற்றித் தந்த மெக்கானிக்கிடம் எடுபிடியாக இருந்தவர்தான் எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரத்தை அறுத்தார்.

ரம்பத்தில் காடனின் குழாயை மாட்ட முடியாது. ஒரு கை நீளக் குழாயை வைத்துக்கொண்டு மரக்கிளையில் ஏறுவது எப்படி? மரம் வெட்டும் போட்டிகளில் மட்டும் உண்டு. 'ஹாட் சா' என்ற பிரிவில் நீண்ட குழாயோடு அசுர ரம்பங்கள் 46 சென்டிமீட்டர் கட்டையை மூன்று துண்டுகளாகச் சில வினாடிகளில் சீவித் தள்ளும். பிழைப்புக்கு அறுப்பவர்களின் ரம்பத்தில் சிலிண்டரை ஒட்டி ஒரு தகரப் பெட்டிதான் சைலன்சர். அதனால் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பெட்டியைத் திறந்துவிடுவது. சிலிண்டருக்கு அடியிலுள்ள கேஸ்கட்டை எடுத்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டுவது. அதற்குமுன் ஒரு ஈயக் கம்பியை உள்ளே விட்டு நசுக்கி, பிஸ்டன் தலைக்கு மேல் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். புகைத் துளையை ராவுவது. அரை மில்லிமீட்டர் உயர்த்தினாலே குணம் மாறிவிடும். அகலத்தைக் கூட்டினால் பிஸ்டன் ரிங் துளையில் மாட்டி ஒடியும். ராவிய விளிம்பைச் சரிவாக மழிக்காவிட்டாலும் அதே கதிதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அண்ணன் செய்யாமல் விட்டது. புகை தடையில்லாமல் போனால் இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும். அதற்கேற்ப கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் கலவை நீர்த்துப்போகும். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும், பிஸ்டன் உருகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சொல்லிவிடும். காப்பிக்கொட்டை நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் ஆபத்து. வெளுப்பதற்கு முன்னால்தான் இன்ஜின் மிக நன்றாக ஓடும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். மொபிலெத் பாலத்தருகே நிற்பதற்கு முந்தின நாள் ஓடியதுபோல் என்றும் ஓடியதில்லை.

1990-களின் நடுவிலிருந்து அமெரிக்காவில், முதலில் கலிபோர்னியாவில், இந்தச் சின்ன இன்ஜின்களின் புகைக்கும் சட்டம் வந்தது. கம்பெனிகள் சைலன்சரை இறுக்கின. பெட்ரோலைக் கூட்டும் திருகுக்கு மூடி போட்டன. ரம்பம் பிடிப்பவர்கள் மூடியைக் கழற்றினார்கள். கலிபோர்னியா 2021-ல் இன்னும் ஒரு படி போய், 2024 முதல் இப்படிப்பட்ட புதிய பெட்ரோல் இன்ஜின்களின் விற்பனையையே நிறுத்தச் சட்டம் இயற்றியது. விதி எழுதும் மேசையின் பக்கமே முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் சட்டத்தின் பக்கம்தான் சாய்வு. எரியாத பெட்ரோல் யாருடைய மூக்குக்குள் போகிறது? பிடித்துக்கொண்டு நிற்பவன் மூக்குக்குள்தான்.

காதும் அவனுடையதுதான். சத்தத்தை அடக்கிய பெட்டியில் அவனே ஓட்டை போடுகிறான். விரலும் அவனுடையதுதான். ரம்பத்தின் அதிர்வால் ரத்த ஓட்டம் குன்றி விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் மரம் வெட்டுபவர்களுக்கு உண்டு. 1960-களின் நடுவில்தான் கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பர் வைக்கத் தொடங்கினார்கள்.

அன்று மாலை மரம் முழுதும் துண்டாகி ஓரமாக அடுக்கப்பட்டது. தண்ணீர் வண்டி உள்ளே வந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் உருண்டை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார். பல்லுக்கு மூன்று இழுப்பு, கூடாது குறையாது. "சைலன்சர் ஓட்டயெல்லாம் அப்புறம் சார். பல்லு மொண்ணையா இருந்தா எந்த இன்ஜினும் அறுக்காது" என்றார். காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"வச்சிக்கிட்டா மரம் முறியற சத்தம் கேக்காது சார். அது கேக்கலைன்னா ஆளே இல்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று தெருவில் வசூலித்ததைக் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்து டெலிபோன் சரியானதும் பிரான்சில் இருக்கும் அண்ணனோடு பேசினேன். 1968-ல் போனவர், அங்கே ஒரு பட்டறையிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். புயல், தண்ணீர், வீட்டு ஓடு என்று எல்லாம் சொல்லிவிட்டு இந்த ரம்பத்தைப் பற்றியும் சொன்னேன். சைலன்சரில் ஓட்டை, துளையை ராவியது, அந்த அலறல். அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பிளக் என்ன கலர்ல இருந்துச்சு?"

கேட்கவில்லை அண்ணே என்றேன்.

"அதக் கேக்காம, நாள்பூரா அந்த ஆள்கிட்ட வேற என்னதான்டா பேசிக்கிட்டிருந்த?"